மீண்டும் கமராவைக் கையில் எடுப்போருக்கு



இளமையிலே பயின்று, இடையிலே கைவிட்டு, தலை நரைத்த பின்னர் மீண்டும் நாடிச் செல்லும் கலைகள் சில உண்டு. புகைப்படக் கலை அவற்றுள் ஒன்று. உத்தியோகம், திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்று பொறுப்புகள் ஏற ஏற, கமரா அலுமாரிக்குள் போய்விடுகின்றது. ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள் அதனை வெளியே எடுக்கின்றோம். உடனே எழும் வினா, "இனி எதை வாங்குவது? எவ்வளவு செலவிடுவது?" என்பதே. அந்த வினாவைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நாம் விட்டுச் சென்ற காலம் வேறு. திரும்பி வந்திருக்கும் காலம் வேறு. 1975ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், பிலிம் இல்லாமலே படம்பிடிக்கும் கருவியொன்றை அமைத்தார். அதன் படத்தில் இருந்தவை ஏறத்தாழ 10,000 புள்ளிகள் மாத்திரமே. இன்று சட்டைப் பையில் இருக்கும் கைத்தொலைபேசியும் கோடிக்கணக்கான புள்ளிகளைப் பதிவு செய்கின்றது. ஆகவே, புள்ளிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. 8 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் கொண்ட ஒரு படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் நேர்த்தியாக அச்சிடுவதற்கு 72 இலட்சம் புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் கொண்ட பழைய கமராவும் அதனைச் செவ்வனே செய்யும்.

அப்படியாயின் பணத்தை எதிலே செலவிடுவது? வில்லையிலே செலவிடுங்கள். கமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண உருப்பெருக்க வில்லையை நீட்டினால், அதன் துவாரம் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 அளவுள்ள 50 மில்லிமீற்றர் வில்லையோ அதனிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மாலை வேளையில், விறாந்தையில் இருக்கும் ஒருவரின் முகத்தை மின்னொளி வீசாமலே எடுப்பதற்கு அது உதவும். ஏனைய நல்ல வில்லைகளோடு ஒப்பிடுமிடத்து அதன் விலையும் குறைவே.

கமராவைப் பழையதாகவே வாங்கலாம். ஆடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். கமராக்களைக் கைவிட்டு, ஆடியில்லாப் புதுவகைக் கமராக்களுக்குப் பலர் மாறிவிட்டனர். அதனால் முன்னையவை மலிவாகக் கிடைக்கின்றன. அலுமாரியில் பழைய வில்லைகள் இருப்பின், அவற்றையும் எறிந்துவிடாதீர்கள். நிக்கோன் நிறுவனம் 1959இல் அறிமுகஞ் செய்த பொருத்தியில் அமைந்த வில்லைகளையும், கெனன் நிறுவனத்தின் 1971ஆம் ஆண்டு எஃப்.டி. வகை வில்லைகளையும் ஓர் இணைப்பு வளையத்தின் துணையோடு இன்றைய ஆடியில்லாக் கமராக்களிலே பொருத்தலாம். குவியத்தையும் துவாரத்தையும் கையினாலே திருப்பவேண்டியிருக்கும். பழகிய கைக்கு அது பாரமன்று. ஆனால், 1987இல் கெனன் தனது பொருத்தியை மாற்றிவிட்டமையால், எஃப்.டி. வில்லைகள் அதன் டி.எஸ்.எல்.ஆர். கமராக்களுக்கு ஒவ்வா. வாங்குமுன் இதனை மனதிற் கொள்க.

பழைய பொருளை வாங்கும்போது மூன்று சோதனைகளைத் தவறாது செய்யுங்கள். முதலாவது: வில்லையின் பின்புறமிருந்து டோர்ச் ஒளியைப் பாய்ச்சி, முன்புறமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்காதீர்கள். இரண்டாவது: துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெறும் வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தோன்றினால் உள்ளே தூசு படிந்திருக்கின்றது. கழுவியும் போகாவிடின் அது கீறலாகவும் இருக்கலாம். மூன்றாவது: அந்தக் கமராவுக்குரிய மின்கலமும் மின்னேற்றியும் இன்றும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள். வாங்கிய பின்னர், நமது ஈரலிப்பான காலநிலையில், தோற்பையினுள் பூட்டி வைக்கவேண்டாம். இறுக மூடும் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மாதம் ஒரு தடவையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

நேயர்களே, இவ்வளவும் கூறிய நான் செய்த பிழையையும் கூறவேண்டும். ஓய்வு பெற்ற ஆண்டில், என் மூத்த தமக்கையாரைப் படமெடுக்க ஆசைப்பட்டேன். கிணற்றடியில் அமர்ந்து அவர் கீரை ஆயும் காட்சி என் கண்முன்னே நின்றது. பழைய கமரா கையில் இருந்தது. அதற்கு ஒரு சுருள் பிலிம் வாங்கியிருந்தாலே போதும். நானோ நல்லதொன்றை வாங்கிவிட்டே தொடங்குவதென்று, விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுக்கொண்டு எட்டு மாதங்களைக் கழித்தேன். "தம்பி, எப்ப என்னைப் படம் எடுக்கப்போறாய்?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். "கமரா வரட்டும் அக்கா" என்றேன். கமரா வருமுன்னர் அவர் போய்விட்டார். அஞ்சலிப் பிரசுரத்துக்கு அடையாள அட்டைப் படத்தையே பெருப்பித்துக் கொடுத்தோம். அந்தப் படத்தில் அவர் சிரிக்கவில்லை.

ஆகையால், உங்கள் வருவாய்க்கு ஏற்றதை வாங்குங்கள், கடன்பட்டு வாங்காதீர்கள். வாங்கும்வரை கையில் உள்ளதைக் கொண்டு எடுங்கள், கைத்தொலைபேசியாயினும் குற்றமில்லை. எடுத்தவற்றுள் நல்லவற்றை அச்சிட்டு வையுங்கள். கருவிக்காக நாம் காத்திருக்கலாம். நம் அன்புக்குரிய முகங்கள் காத்திருப்பதில்லை.