மூத்தவர் தாளமும் இளையவர் துணையும்



பிழைப்பை நாடி வேற்றூர் செல்வோர் பெட்டி படுக்கையோடு தம் பாட்டையும் எடுத்துச் செல்வது உலக வழக்கம். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்கள், இருபதாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கில் வடக்கேயுள்ள தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடன் சென்றதே 'புளூஸ்' என்னும் இசை. துயரமே அதன் ஊற்று என்பர். ஆயினும் நகைப்பும் நையாண்டியும் அதில் நிரம்ப உண்டு.

மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ஜான் லீ ஹூக்கர் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். டிட்ராய்ட் நகரில் பகலில் மோட்டார்த் தொழிற்சாலையில் துப்புரவு வேலை. இரவில் மதுக்கடைகளில் பாட்டு. அங்கிருந்த இரைச்சலில் சாதாரணக் கிதார் எடுபடவில்லை; எனவே மின்சாரக் கிதாரைக் கைக்கொண்டார். 1948ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த 'பூகி சில்லன்' என்னும் பாட்டில் குரல், கிதார், தரையில் தட்டும் காலின் ஓசை ஆகிய மூன்றே உண்டு. அது பெரும்புகழ் பெற்றது. புகழுக்கேற்ற பொருள் அவர் கைக்கு வரவில்லை. ஆகவே பல கம்பெனிகளுக்குப் பல புனைபெயர்களில் பாடிக் கூலி பெற்று வந்தார்.

புளூஸ் பாட்டுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு அளவுகள் கொண்ட ஒரு சுற்று உண்டு. குறித்த இடத்தில் கிதாரின் சுரக்கூட்டு மாறும். ஹூக்கர் இந்தக் கணக்கிற்குள் அடங்கியவர் அல்லர். ஒரே சுரக்கூட்டில் நெடுநேரம் நிற்பார். சொல்ல வந்த சொல் முடிந்தபோதே நகர்வார். கணக்குப் பார்த்து வாசிக்கும் துணைவாத்தியக்காரர் அவருடன் திணறினர்.

இந்நிலையில், 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'கேன்டு ஹீட்' என்னும் ராக் இசைக்குழு தோன்றியது. அதனைத் தொடங்கிய ஆலன் வில்சனும் பாப் ஹைட்டும் பழைய புளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த வெள்ளை இளைஞர்கள். 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவில் பெருங்கூட்டத்தின்முன் வாசித்தவர்கள். அவர்களுக்குப் பெயர் தந்த பூகித் தாளமோ ஹூக்கரின் பழைய இசைத்தட்டில் பிறந்தது. சுருங்கச் சொன்னால், இளையோர் முதியவருக்குக் கடன்பட்டிருந்தனர்.

1970ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு தரப்பாரும் சேர்ந்து 'ஹூக்கர் அண்டு ஹீட்' என்னும் இரட்டை இசைத்தட்டைப் பதிவு செய்தனர். அதன் அமைப்பை நாம் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் ஹூக்கர் தனியே பாடுகிறார், காலடியே தாளம். அடுத்து வில்சன் ஒருவர் மட்டும் சேர்கிறார். முழுக்குழுவும் ஒலிப்பது இறுதியில்தான். புகழின் உச்சியிலிருந்த இளைஞர்கள் தம் முறை வரும்வரை ஒதுங்கியிருந்தார்கள்!

வில்சனின் திறமை இங்கே தனிச்சிறப்புடையது. பல்லாண்டுகள் பாடாதிருந்த சன் ஹவுஸ் என்னும் மூத்த கலைஞருக்கு அவருடைய பாட்டுகளையே 1964இல் நினைவூட்டியவர் அவர். ஹூக்கருடன் வாசிக்கும்போது அவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூச்சைக் கவனித்தார். பாடகரின் மனோதர்மம் அறிந்து கூடவே செல்லும் நல்ல பக்கவாத்தியத்தை நம் கச்சேரிகளில் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள், 27 வயதிலேயே வில்சன் மறைந்தார். இசைத்தட்டு 1971இல் வெளிவந்தபோது, அதன் உறையில் அவர் சுவரில் மாட்டிய படமாகவே காணப்பட்டார். ஐம்பது வயதைக் கடந்திருந்த ஹூக்கருக்கோ, அமெரிக்காவின் பொது விற்பனைப் பட்டியலில் இடம்பெற்ற முதல் நெடுந்தட்டு அதுவே. 1989இல் 'தி ஹீலர்' என்னும் தொகுப்பில் வேறு பல இளைய கலைஞர்களுடன் பாடி மேலும் பெரும்புகழ் பெற்ற அவர், 2001இல் காலமானார்.

மூத்தோர் கலையை நம் காலத்து அளவுகோலுக்கு ஏற்ப நறுக்கிக்கொள்வது எளிது. அதன் அளவு யாதெனப் பொறுமையுடன் கேட்டறிந்து உடன் செல்வது அரிது. சொந்த ஊரைவிட்டுத் தொலைவில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் இது எண்ணிப் பார்க்கத் தக்கது.