முடிவை மறந்து படித்தல்



வெளிமாநிலங்களில் நிர்வாகவியல் பயிலும் நம் பிள்ளைகள் பலர் ஒரு சங்கடத்தைக் கூறக் கேட்கிறோம். 'கேஸ்' என்னும் நிகழ்வாய்வை இருபது பக்கமாகக் கொடுக்கிறார்கள். இரவெல்லாம் விழித்து எண்கள் உட்பட மனப்பாடம் செய்து செல்கிறார்கள். ஆசிரியரோ, "நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்கிறார். வாயடைத்துப் போகிறது. 1961-ல் அகமதாபாத்தில் தோன்றிய இந்திய நிர்வாகவியல் கழகம் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் துணையோடு கைக்கொண்ட பயிற்சிமுறை இது. மனப்பாடத்தால் மதிப்பெண் பெற்று வளர்ந்த நமக்குச் சற்றுப் புதிது.

அருகிலுள்ள ஆனந்த் நகரையே எடுத்துக்கொள்வோம். கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1946-ல் பதிவாயிற்று. எருமைகள் குளிர்காலத்தில் மிகுதியாகக் கறக்கும், கோடையில் குறையும். பம்பாயோ அந்த மிகுதி முழுவதையும் வாங்காது. மிஞ்சும் பாலை என் செய்வது? எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று நிபுணர்கள் உரைத்தனர். எச். எம். தலயா அதனைச் செய்து காட்டினார். 1955-ல் ஆலை திறக்கப்பெற்றது. (சங்கத்தை நடத்திய வர்கீஸ் குரியன் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர்.)

அமுல் வென்ற கதை எல்லோரும் அறிந்தது. அதுதான் மாணவனுக்கு இடையூறு. முடிவு தெரிந்தவனுக்கு அன்றைய கலக்கம் புலப்படுவதில்லை. ஆகவே முடிவை மறைத்துவிட்டு, ஆலைக்கு முந்திய ஆண்டுகளில் போய் நிற்க வேண்டும்.

முதன்முறை விரைவாகப் படிப்போம்: தீர்மானிக்க வேண்டியவர் யார், எதனை, எதற்குள்? மறுமுறை பென்சிலும் தாளும் வேண்டும். தாளின் நடுவே ஒரு கோடு. மெய்ச்செய்தி ஒருபுறம், பிறர் அபிப்பிராயம் மறுபுறம். "பொடியாக்க இயலாது" என்பது எப்புறம்? அதனைச் செய்தியாகக் குறித்துக்கொண்ட மாணவனுக்கு வழி அங்கேயே அடைபடுகிறது.

பின்னர் மாற்று வழிகள். குளிர்காலத்தில் கொள்முதலைக் குறைக்கலாம்; ஆனால் எந்த வியாபாரியிடமிருந்து மீளச் சங்கம் பிறந்ததோ, அவரிடமே குடியானவர் திரும்ப நேரும். பொடியாலை எழுப்பலாம், சோதனை பொய்த்தால் போட்ட முதல் முடங்கும். இரண்டின் நஷ்டத்தையும் தோராயமாகவேனும் கணக்கிட்டு, ஒன்றைத் தேர்ந்து, அதற்கு எதிரான வலிய வாதத்தையும் நாமே எழுதிவைப்போம்.

வகுப்பிற்கு முன்னிரவு இரண்டு நண்பர்களிடம் அதனைச் சொல்லிப் பார்ப்பது நன்று. ஆங்கிலம் தடுமாறினால் முதலில் தமிழிலேயே சொல்லட்டும். கருத்துத் தெளிந்தபின் மொழி வந்து சேரும். வகுப்பிலோ தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். தாமதித்தால் நம் எண்ணத்தைப் பிறர் சொல்லிவிடுவர்.