ஆய்வகத்திலிருந்து எச்.ஆர். மேசைக்கு

(பொங்கல் விழாவன்று நம் கம்யூனிட்டி ஹாலில் சி பிளாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"கெமிஸ்ட்ரி படிச்சுட்டு எச்.ஆருக்குப் போனது, அப்புறம் இங்கிலாந்துக்குப் போனது, இதைப் பத்திப் பேசும்மா. பிளஸ் டூ, காலேஜ் பிள்ளைங்க நிறைய இருக்காங்க" என்று நம் செயலாளர் மாமா கேட்டுக்கொண்டார். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் போனால் சர்க்கரைப் பொங்கல் ஆறிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் எம்.எஸ்சி. வேதியியல். படிப்பு முடிந்ததும் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஏழு வருடம் இருந்தேன். மருந்து சொன்ன அளவில் இருக்கிறதா என்று எச்.பி.எல்.சி. கருவியில் சோதிப்பதுதான் வேலை. அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. முடிவு வரம்புக்கு வெளியே வந்தால், சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கக் கூடாது. தராசு, குடுவை, கரைசல், கருவி, ஆள் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் செய்த சோதனையில் 104 சதவீதம் வந்தது. வரம்பு 102. அவன் கவனக்குறைவுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். எல்லார் முன்னாலும் சொல்லியும் விட்டேன். நான்காம் நாள் அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

விசாரணை முடிய இன்னும் ஒரு வாரம் ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு பொடி ஈரம் இழுத்திருந்தது. நிறுத்த எடையில் கொஞ்சம் தண்ணீர். ஸ்டாண்டர்டு குறைந்தால் சாம்பிள் கூடுதலாகத் தெரியும். பையன் செய்த வேலையில் ஒரு தவறும் இல்லை. அந்த பாட்டிலைக் கடைசியாகத் திறந்து, சரியாக மூடாமல் வைத்தது யார் என்று பதிவேட்டைப் பார்த்தோம். என் கையெழுத்து இருந்தது.

அவனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

பொடிக்கு இவ்வளவு விசாரணை வைத்திருக்கிறோம், அந்தப் பையனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்பது என்னை விடவே இல்லை. வார இறுதி வகுப்பில் பணியாளர் நிர்வாக டிப்ளமோ சேர்ந்தேன். அதே தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் ஓர் இடம் காலியானபோது கேட்டு வாங்கினேன். சம்பளம் குறைந்தது. எனக்குக் கீழே இருந்தவர்கள் என்னைவிட அதிகம் வாங்கினார்கள். "எம்.எஸ்சி. படிச்சது லீவு லெட்டர் எண்றதுக்கா?" என்று அப்பா கேட்டார். இதோ, முன் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

எச்.ஆர். என்றால் இன்டர்வியூவும் பர்த்டே கேக்கும் என்று நினைக்காதீர்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஷிப்ட், கேன்டீன் சண்டை, இவைதான் பெரும்பகுதி. ஓய்வு பெற்ற ஓர் ஆபரேட்டருக்கு பி.எஃப். பணம் மாதக்கணக்கில் வரவில்லை. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, பி.எஃப். கணக்கில் இனிஷியல் மட்டும். பிள்ளைகளே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் உங்கள் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. குடும்பப் பெயர் எது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு என் கணவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவருடைய விசாவைச் சார்ந்து போன எனக்கும் வேலை செய்ய அனுமதி இருந்தது. ஐந்து வருட எச்.ஆர். அனுபவம் இருக்கிறதே என்று தைரியமாகப் போனேன். ஆனால் எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம் நம் நாட்டுச் சட்டம். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமணமானவரா என்று நம் வழக்கப்படி பயோடேட்டா அனுப்பினேன். அங்கே அவற்றை எழுதும் வழக்கமே இல்லை. மாதக்கணக்கில் பதில் வரவில்லை.

கடைசியில் ஒரு கிடங்கில் எச்.ஆர். உதவியாளராகச் சேர்ந்தேன். அடிப்படியிலிருந்து இரண்டாம் முறை. டாக்டர்களுக்கு இருப்பதுபோல எச்.ஆருக்கு அங்கே லைசென்ஸ் கிடையாது. ஆனால் வேலை விளம்பரங்களில் சி.ஐ.பி.டி. என்ற தொழில்முறை அமைப்பின் தகுதியைப் பெரும்பாலும் கேட்பார்கள். மாலை நேரத்தில் அதன் ஐந்தாம் நிலை டிப்ளமோ படித்தேன்.

அந்தக் கிடங்கில் ஒருவர் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வந்தார். வேலையை விட்டு அனுப்ப சூப்பர்வைசர் கடிதத்தைத் தயாராக வைத்திருந்தார். அந்த நாட்டில் ஏகாஸ் என்ற பொது அமைப்பு வகுத்த நடைமுறை உண்டு. முதலில் விசாரிக்க வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் தர வேண்டும். விசாரணைக் கூட்டத்துக்கு அவர் ஒரு சக ஊழியரையோ சங்கப் பிரதிநிதியையோ உடன் அழைத்து வரலாம். முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

குறிப்பெடுப்பதுதான் அன்று என் வேலை. இருந்தாலும் ஷிப்ட் பட்டியலையும் பஸ் அட்டவணையையும் பார்க்கலாமா என்று கேட்டேன். முந்தைய மாதம் ஷிப்டை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸே அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆங்கிலம் சரளமாக வராததால் அவர் அதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவருக்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். வேலை நிலைத்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பையன் ஞாபகம்தான்.

ஆகவே, துறை மாறினால் படித்தது வீணாகிவிடும் என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம். காரணம் தெரியும் முன் முடிவு கட்டாதே என்பதை எனக்கு ஆய்வகம்தான் சொல்லிக் கொடுத்தது. ஆனால் பதவியும் சம்பளமும் கூட வராது. கடைசி வரிசையில் மறுபடி நிற்கத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு வருடமாவது சம்பளக் குறைவைத் தாங்கக் கையில் சேமிப்பு வேண்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: "ஏன் மாறுறே?" என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதிலையும் கேளுங்கள்.

வெளிநாட்டுக்குப் போவதற்கு ஒரு விலை உண்டு. போன வருடம் இரவில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அம்மா எனக்கு போன் செய்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். என்னால் முடிந்தது அழுவது மட்டும்தான். எதிர்வீட்டு அக்காவும் செக்யூரிட்டி அண்ணனும் லிஃப்டில் நாற்காலியோடு அவரை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விடியும்வரை கூடவே இருந்தார்கள். அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லத்தான் இந்த மேடைக்கு ஒத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு வாரம் இங்கேதான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே ஹாலில் உட்கார்ந்திருப்பேன். பயோடேட்டா கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.