கெண்டி மூடியும் கைவினைஞர் கையும்



கெண்டியின் மூடி ஆவியால் துள்ளக் கண்டு சேம்சு வாட்டு நீராவிப் பொறியைப் படைத்தார் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கதை சொல்கின்றோம். உண்மை வேறு. நியூக்கோமன் என்னும் இரும்பு வணிகர் 1712-இலேயே அமைத்த பொறி சுரங்க நீரை இறைத்தது. கிளாசுக்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த அப்பொறியின் சிற்றுருவைப் பழுதுபார்க்குங்கால்தான், உருளை ஒவ்வோர் அசைவிலும் குளிர்ந்து வெப்பம் வீணாதலை வாட்டு உணர்ந்தார். ஆவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் வேண்டும் என 1765-இல் தெளிந்தார். அது தொழிற்களம் புகுந்ததோ 1776-இல்தான்!

மூடிக் கதை கேட்ட மாணவன், 'அவர் பிறவிப் பேரறிவாளர். நம்மால் ஆகாது' என்று ஒதுங்குவான். பழுதுபார்த்த வரலாறு கேட்டவனோ, 'எது வீணாகிறது? ஏன்?' என்று வினவத் தொடங்குவான். அவ்வினாவைக் கற்பியுங்கள், ஆக்கம் தானே பிறக்கும்!