பட்டயத்திலிருந்து பட்டத்திற்கு: முதலாம் ஆண்டிலேயே தொடங்கும் பயணம்

(திருக்கோயில் நவராத்திரிப் பெருவிழாவில் ஆற்றப்பெற்ற கல்விச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கலைமகள் பூசையன்று நூல்களை அடுக்கி வைத்து, மலர் தூவி வழிபடுகிறோம். மறுநாள் விசயதசமியன்று அந்நூல்களை எடுத்து ஒரு பக்கமேனும் படித்த பின்னரே பிற அலுவல்களைத் தொடங்குவது முன்னோர் வகுத்த முறை. வணங்கிய நூலைப் பிரித்துப் படிக்கும்போதுதான் வழிபாடு நிறைவுறுகிறது என்பதே அம்முறையின் உட்பொருள். ஆகவே, இவ்விழாக் காலத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்பது மிகவும் பொருத்தமாகும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயக் கல்வி பயிலும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்வதற்கு எப்போது, எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருளாகும். பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பம் போடுவது மூன்றாம் ஆண்டில். ஆயினும், அவ்விண்ணப்பம் வெல்லுமா என்பது பெரும்பாலும் முதலாம் ஆண்டிலேயே முடிவாகத் தொடங்கிவிடுகிறது. இந்த ஓர் உண்மையை ஒவ்வொரு பெற்றோரும் உரிய காலத்தில் அறிந்துகொண்டால் பல குடும்பங்களின் மனவருத்தம் தவிர்க்கப்படும்.

வழி அகன்ற வரலாறு

சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி 1954ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1958இல் வகுப்புகளைத் தொடங்கிற்று. 1963இல் கல்லூரியாகத் தோன்றிய நீ ஆன், 1982இல் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆயிற்று. தெமாசெக் 1990இலும், நன்யாங் 1992இலும், ரிபப்ளிக் 2002இலும் தோன்றின. தொழிற்சாலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் திறன்மிக்க ஊழியர்களை உருவாக்குவதே இக்கல்லூரிகளின் முதல் நோக்கமாக இருந்தது. அக்காலத்தில் பட்டயம் பெற்றவர் நேரே வேலைக்குச் செல்வதே வழக்கம். பல்கலைக்கழகம் செல்லும் பாதை மிகவும் குறுகலாக இருந்தது.

பின்னர் நிலைமை மாறிற்று. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2009இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2014இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. செயல்முறைக் கல்வியை முதன்மையாகக் கொண்ட இந்நிலையம் பட்டயம் பெற்ற மாணவர்களைப் பெருமளவில் மனத்திற்கொண்டே தோன்றியது. 2017இல் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகமும் தன்னாட்சி நிலை பெற்றது. ஒவ்வோர் ஆண்டுப் பிரிவிலும் 40 விழுக்காட்டினருக்கு 2020க்குள் உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர இடம் கிடைக்கச் செய்வதாக அரசாங்கம் 2012இல் அறிவித்தது. இன்று தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு. நம் தேக்கா வட்டாரத்திற்கு மிக அருகில் மெக்னலி தெருவில் உள்ள லசால் கலைக் கல்லூரியும், நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்து 2024இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகமாக உருவெடுத்தன. ஆதலால், ஓவியம், இசை, நடனம் ஆகியவற்றில் பட்டயம் பயிலும் பிள்ளைகளுக்கும் பட்டப்படிப்பு கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது.

1992இல் அமைக்கப்பெற்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பயில்வோருக்கும் இவ்வழி திறந்தே உள்ளது. அங்கு ஹையர் நைட்டெக் தகுதி பெற்றோர் பட்டயக் கல்விக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுள் சிறந்த தேர்ச்சி உடையோர், தொடர்புடைய சில பட்டயப் படிப்புகளில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் கூடும். “என் பிள்ளை தொடக்கக் கல்லூரிக்குப் போகவில்லை” என்று உறவினர் முன்னிலையில் தலைகுனியும் பெற்றோர் இன்றும் சிலர் உளர். அவ்வாறு தலைகுனியத் தேவையில்லை. பாதை வேறு, சென்று சேரும் ஊர் ஒன்றே.

சராசரிப் புள்ளி கூறும் பாடம்

தொடக்கக் கல்லூரி மாணவர் இரண்டாண்டு இறுதியில் மேல்நிலைத் தேர்வை எழுதுகிறார். அத்தேர்வின் முடிவே பெரிதும் கணக்கில் கொள்ளப்படும். பட்டய மாணவரின் நிலை வேறு. மூன்றாண்டுகள், ஆறு பருவங்கள், ஒவ்வொரு பருவத்திலும் பல பாடங்கள். அவை ஒவ்வொன்றிலும் பெறும் தரம் 4 புள்ளி அளவையில் ஜிபிஏ எனப்படும் சராசரிப் புள்ளியில் சேர்கிறது. தேர்ச்சி பெற்றாரா இல்லையா என்று மட்டும் குறிக்கப்படும் பாடங்கள் அதில் சேர்வதில்லை. மேலும், மதிப்பலகு மிகுந்த பாடம் சராசரியை மிகுதியாக உயர்த்தும் அல்லது தாழ்த்தும். முன்னர், பட்டய மாணவரின் ‘ஓ’ நிலைத் தேர்வு முடிவும் பல்கலைக்கழகச் சேர்க்கையில் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. 2020ஆம் கல்வியாண்டுச் சேர்க்கையிலிருந்து அது கைவிடப்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் தவறவிட்டதைச் சரிசெய்ய இது நல்வாய்ப்பு. ஆனால், சராசரிப் புள்ளியின் சுமை முன்னினும் கூடிவிட்டது.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஒரு பட்டப்படிப்புக்கு 3.5 சராசரி தேவைப்படுகிறது என்றும், ஆறு பருவங்களும் சம மதிப்புடையவை என்றும் வைத்துக்கொள்வோம். முதற்பருவத்தில் ஒரு மாணவர் 2.5 பெற்றால், மீதி ஐந்து பருவங்களிலும் 3.7 பெற வேண்டும்; அது கடினம், ஆயினும் இயலும். இரண்டு பருவங்கள் 2.5இலேயே கழிந்தால், மீதி நான்கிலும் முழுமையாக 4.0 பெற வேண்டும். மூன்று பருவங்கள் அவ்வாறே கழிந்தால், மீதி மூன்றிலும் 4.5 தேவைப்படும். அளவையின் உச்சமே 4 என்பதால் அது நடவாத காரியம். மூன்றாம் ஆண்டில் இரவு பகலாக உழைத்தாலும் அந்த இலக்கை எட்ட முடியாமற் போகும். “முதலாம் ஆண்டில் சற்று ஓய்வாக இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அன்பினால் கூறும் பெற்றோர் இக்கணக்கை ஒருமுறை பிள்ளையுடன் அமர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டத்திலிருந்து பின்னோக்கி

வீடு கட்டுவோர் எத்தனை மாடி என்பதை முடிவு செய்த பின்னரே அடித்தளம் இடுவர். அதுபோல, எந்தப் பட்டப்படிப்பு என்று ஓரளவேனும் எண்ணிப் பார்த்த பின்னரே பட்டயப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது நலம். வணிகம், மனிதவியல் சார்ந்த பட்டப்படிப்புகள் பெரும்பாலும் எல்லாப் பட்டயத்தாரையும் ஏற்கின்றன. பொறியியல், மருந்தியல் போன்றவற்றுக்கோ தொடர்புடைய பட்டயம் தேவை. மருந்தாளர் ஆக விரும்பும் பெண், தோழியர் சேர்ந்தார்கள் என்பதற்காக வணிகப் பட்டயத்தில் சேர்ந்து முதன்மையாகத் தேறினாலும், மருந்தியல் துறையின் கதவு அவருக்குத் திறப்பது அரிது. எந்தப் பட்டயம் எந்தப் பட்டப்படிப்புக்கு ஏற்கப்படும் என்பதைப் பல்கலைக்கழகங்களே பட்டியலிட்டு வெளியிடுகின்றன.

சென்ற ஆண்டில் இடம் பெற்றோரின் சராசரிப் புள்ளிகளையும் பல்கலைக்கழகங்கள் வெளியிடுவதுண்டு. அவற்றில் பத்தாவது விழுக்காட்டு நிலை என ஓர் எண் காணப்படும். இடம் பெற்ற நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூறு பேர் அந்த எண்ணுக்கு மேற்பட்டவர் என்பது அதன் பொருள். அவ்வெண் வாக்குறுதி ஆகாது. ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனினும், இலக்கு வைப்பதற்கு அதைவிடச் சிறந்த அடையாளம் வேறில்லை. சட்டம், மருத்துவம் போன்ற துறைகள் புள்ளிகளோடு நிற்காமல் தேர்வும் நேர்முகமும் வைக்கின்றன. அவற்றை விரும்பும் பிள்ளைகள் இரண்டாம் ஆண்டிலேயே அதற்கென ஆயத்தமாக வேண்டும்.

பாட விலக்கும் கணிதமும்

பட்டயத்தில் பயின்ற பாடங்களை மீண்டும் பயிலாதிருக்கப் பல்கலைக்கழகம் விலக்கு அளிப்பதுண்டு. இதனால் காலமும் கட்டணமும் மிச்சமாகலாம். எல்லாப் பட்டயத்திற்கும் எல்லாத் துறையிலும் விலக்குக் கிடையாது. தரம் குறைந்த பாடத்திற்குக் கிடைக்காமலும் போகலாம். ஆகவே, ஒவ்வொரு பாடத்தின் விவரக் குறிப்பையும் மாணவர் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்கு உண்டு என்பதைச் சேருமுன் கேட்டறிய வேண்டும்.

விலக்குக் கிடைத்தது என்று மகிழ்வதோடு நில்லாமல், அடுத்த பாடத்தைத் தாங்கும் வலிமை உண்டா என்றும் பார்க்க வேண்டும். பொறியியல், கணினித் துறைகளில் பட்டய மாணவர்கள் இடர்ப்படுவது பெரும்பாலும் கணிதத்தில்தான். மேல்நிலைக் கணிதம் பயின்ற தொடக்கக் கல்லூரி மாணவரோடு ஒரே வகுப்பில் அமரும்போது அவ்விடைவெளி தெரியவரும். பட்டயக் காலத்திலேயே விருப்பப் பாடமாக உயர் கணிதம் இருப்பின் அதை எடுத்துப் படிப்பதும், பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கணிதப் பாடத்தைத் தயங்காது ஏற்பதும் அறிவுடைமை ஆகும்.

ஆண் பிள்ளைகளுக்கு மற்றொரு செய்தி. தேசிய சேவைக்குச் செல்லுமுன்னரே விண்ணப்பித்து இடம் பெற்றுக்கொண்டால், சேவை முடியும்வரை பல்கலைக்கழகம் அவ்விடத்தை ஒதுக்கி வைக்கும். ஆனால், இரண்டாண்டு இடைவெளியில் கணிதம் கைவிட்டுப் போகும். சேவையின் இறுதி மாதங்களில் விடுமுறை நாள்களில் சிறிது நேரம் பழைய பாடங்களைப் புரட்டுவது, பல்கலைக்கழகத்தின் முதற்பருவத்தில் பேருதவியாக இருக்கும்.

பொருள் பற்றிய கவலை

நடுத்தரக் குடும்பங்களின் பெருங்கவலை கட்டணம். எடுசேவ் கணக்கில் மீந்த தொகை, உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கிற்கு மாற்றப்படுகிறது. அதைப் பட்டயக் கல்விக்கும் பட்டக் கல்விக்கும் பயன்படுத்தலாம். பட்டயக் காலத்திலேயே முழுவதையும் செலவழித்துவிடுவதா, பல்கலைக்கழகத்திற்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பதைக் குடும்பம் முன்கூட்டியே முடிவு செய்யலாம். பல்கலைக்கழகக் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்தும் கட்டணம் செலுத்த இயலும். ஆனால், அது பெற்றோரின் முதுமைக் காலப் பணம். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின் பிள்ளை அத்தொகையை வட்டியுடன் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும் என்பது விதி. இதைப் பிள்ளையிடம் தொடக்கத்திலேயே தெளிவாகக் கூறுவது கடிந்துரைப்பது ஆகாது; பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதாகும். 1991இல் தோன்றிய சிண்டாவும் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு உதவி நிதி வழங்கி வருகிறது. அதன் அலுவலகம் செராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையிலேயே உள்ளது. கோயிலுக்கு வரும் வழியில் விசாரித்து அறிய ஒருவருக்கும் கூச்சம் வேண்டியதில்லை.

உடனடியாக வேலைக்குச் செல்லும் கட்டாயம் உள்ளோரும் மனந்தளர வேண்டா. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பட்டம் பயிலலாம். தமிழ் மொழியையும் இலக்கியத்தையும் பட்டப் பாடமாகப் பயிலும் வாய்ப்பும் அங்கு உண்டு.

திருக்கோயில் செய்யக்கூடியது

கல்வி பற்றிய செய்திகள் அனைத்தும் பொதுவில் கிடைக்கின்றன. ஆயினும், படித்த குடும்பத்தில் அவை உணவு மேசையில் பேசப்படுகின்றன. கடையிலும் கட்டுமானத் தளத்திலும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பும் தந்தையின் வீட்டில் அவற்றைப் பேச ஆள் இல்லை. இந்த வேறுபாட்டினால் திறமை மிக்க பிள்ளையும் பின்தங்கி விடுகிறான். காவடிக்கும் அன்னதானத்திற்கும் தோள் கொடுக்கும் இளைஞர்களுள், பட்டயம் முடித்துப் பல்கலைக்கழகம் சென்றோர் பலர் இருப்பர். அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் புதிய கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரல் மாதத்தில், புதிதாகச் சேரும் மாணவருடனும் பெற்றோருடனும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசினாலே போதும். பெரும்பொருள் தேவையில்லை, ஒரு தாளும் பேனாவும் பொறுமையும் இருந்தால் அந்த ஆறு பருவக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடலாம். பசித்தவர்க்கு அன்னம் இடும் திருக்கோயிலில் இவ்வறிவுதானமும் நடைபெறுவது அன்னைக்கு உகந்த தொண்டே ஆகும்.

பட்டயக் கல்வியில் காலடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாளிலிருந்தே இலக்கறிந்து பயின்று, விரும்பிய பட்டம் பெற்று, பெற்றோருக்கும் சமூகத்திற்கும் நாட்டிற்கும் பெருமை சேர்க்க அன்னை கலைமகள் அருள் புரிவாளாக.