ராணுவ அதிகாரி ஆக வீட்டுக்கு எவ்வளவு செலவு?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் என்னைக் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆபீசர் டிரெயினிங்குக்கு எத்தனை லட்சம் ஆகும் சார், லோன் போடலாமா?" டிரெயினிங்குக்கு ஃபீஸே கிடையாது. செலவெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

பிளஸ் டூ முடித்து என்.டி.ஏ. போனால் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம். சாப்பாடு, சீருடை, புத்தகம், வைத்தியம் அரசு பொறுப்பு. டிகிரியும் அங்கேயே கிடைத்துவிடும். நாம் அனுப்புவது கைச்செலவுக்கு மட்டும். ராணுவப் பிரிவு என்றால் அடுத்து டேராடூனில் ஒரு வருடம். அப்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை.

டிகிரிக்குப் பிறகு சி.டி.எஸ். எழுதினால் டேராடூனில் 18 மாதம், அல்லது சென்னை பரங்கிமலையில் 49 வாரம். உதவித்தொகை அதேதான். ஆனால் டிகிரிச் செலவு நம் தலையில். என்.சி.சி. 'சி' சான்றிதழை நல்ல கிரேடில் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லை, எஸ்.எஸ்.பி. நேர்காணல் மட்டும். திண்டுக்கல்லிலேயே வீட்டுச் சாப்பாட்டோடு கல்லூரி போய் இதை முடிக்கலாம். எனக்குப் பிடித்த வழி இது. கோச்சிங் சென்டர்காரர்கள் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள்!

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பரங்கிமலையில் கிடைப்பது குறுகிய காலப் பணி. பத்து வருடம், மேலே நான்கு வருடம் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் பென்ஷன் இல்லை. அதற்கு 20 வருடச் சர்வீஸ் வேண்டும். நாற்பது வயதுக்குள் வேறு வேலை தேட வேண்டிவரும்.

அமராவதிநகர் சைனிக் பள்ளியைப் பற்றியும் கேட்கிறீர்கள். நல்ல பள்ளி, 1962லிருந்து நடக்கிறது. உதவித்தொகை கிடைக்காவிட்டால் வருடத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். அங்கே படித்தாலும் என்.டி.ஏ. தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, பெற்றோர் கையெழுத்துப் போடும் பத்திரம். பிள்ளை சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வாரம் ஏற ஏறத் தொகையும் ஏறும். அடிபட்டு அனுப்பப்பட்டால் கட்ட வேண்டியதில்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் கிடைக்காது. அப்படி வெளியேறியவர்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தானாக விசாரணைக்கு எடுத்தது. பத்திரத்தை முழுக்கப் படியுங்கள்.

என்.டி.ஏ. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. கட்டணம் 100 ரூபாய். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.