எந்நேரமும் விழித்திருக்கும் வீட்டுக் கணினி

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்பான பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளே!

இன்றைய பேச்சு கணினியைப் பற்றியது. ஆனால் அதைக் கைப்பேசியிலிருந்துதான் தொடங்க வேண்டும். "போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, உள்ளே இருக்கும் படங்களை மட்டுமாவது எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டு நம் மஹல்லாவில் பலர் எங்களிடம் வருகிறார்கள். போன் போனதை அவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. மவுத்தாகிவிட்ட வாப்பா அனுப்பிய குரல்பதிவு, பேரப்பிள்ளை முதன்முதலாக நடந்த வீடியோ, மகனின் பாஸ்போர்ட் நகல், வீட்டுப் பத்திரத்தின் படம் ஆகியவற்றுக்காகத்தான் வருகிறார்கள். இன்றைய கைப்பேசிகள் உள்ளே இருப்பதையெல்லாம் குறியாக்கம் செய்தே வைத்திருக்கின்றன. அதனால் போன் மொத்தமாகச் செத்துவிட்டால், உள்ளே இருக்கும் சில்லை மட்டும் கழற்றிப் படங்களை எடுத்துவிட முடியாது.

கூகுளில் இருக்கிறதே என்பீர்கள். கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜி.பி.தான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கிலேயே சேர்கின்றன. மின்னஞ்சலுக்கும் அதே இடம்தான். அது நிறைந்த பிறகு படங்கள் ஏறாமல் நின்றுபோனதைப் பல வீடுகளில் யாரும் கவனிப்பதே இல்லை.

ஆகவே, வீட்டிலேயே ஒரு சிறு கணினி. எல்லோருடைய கைப்பேசியும் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் புதிய படங்கள் தாமாக அதில் போய்ச் சேர வேண்டும். மகன் இரவுப் பணி முடித்து வந்தாலும், மகள் மதியம் கல்லூரியிலிருந்து வந்தாலும் அது விழித்திருக்க வேண்டும். கனமான வேலை எதுவும் இல்லை. ஆனால் 24 மணி நேரமும் கரண்ட் எடுக்கும். எனவே எவ்வளவு வேகம் என்பதைவிட எத்தனை வாட் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மீட்டர் சொல்லும் கணக்கு

இந்த மேசையில் மூன்று கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எதற்கும் வேலை கொடுக்கவில்லை. இந்த மாதிரிக் கணினி நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். ஆகவே சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. ஒவ்வொன்றாக இந்த வாட் மீட்டரில் செருகுகிறோம், பாருங்கள்.

முதலாவது, பல வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய சி.பி.யூ. பெட்டி. ஏறக்குறைய 50 வாட். இரண்டாவது, பெரிய அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சிறு கணினி, ஒரு தடித்த புத்தகம் அளவுதான். ஏறக்குறைய 12 வாட். மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்ப்பெரி பை பலகை, ஒரு எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து. ஏறக்குறைய 5 வாட்.

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 60 நாளுக்கு 1,440 மணி நேரம். முதலாவது 72 யூனிட் எடுக்கும், இரண்டாவது சுமார் 17, மூன்றாவது சுமார் 7. ஆண்டுக்கணக்கில் முறையே 438, 105, 44 யூனிட். மனதில் நிறுத்த ஒரு எளிய வாய்ப்பாடு: எந்நேரமும் எரியும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 யூனிட்.

நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. யூனிட் கூடக்கூட, மேல்படி யூனிட்டின் விலையும் கூடும். கோடையில் ஏசி போடும் வீட்டில் இந்த 72 யூனிட் வந்து விழுவது மேல்படியில்தான். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் "வீண்விரயம்" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். பழைய சி.பி.யூ. பெட்டியை இரவும் பகலும் ஓட விடுவதும் அதே கதைதான்.

பழையது ஏன் இவ்வளவு இழுக்கிறது?

ப்ராசஸர்தான் எல்லாவற்றையும் குடிக்கிறது என்று நினைக்கிறோம். ப்ராசஸரின் விவரத்தில் 65 வாட் என்று போட்டிருப்பது அது கடுமையாக உழைக்கும் நேரத்துக்கான கணக்கு. சும்மா இருக்கும்போது அது சில வாட்டிலேயே அடங்கிவிடும். மீதியைத் தின்பவை சுற்றியிருக்கும் மற்றவை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதுவே 10 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். எந்நேரமும் சுழலும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 முதல் 8 வாட். அதன்பின் மதர்போர்டு, விசிறிகள். இவற்றோடு 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. ஒரு குடும்பத்துக்குக் கஞ்சி காய்ச்ச நிக்காஹ் தேக்சாவை அடுப்பில் ஏற்றினால் விறகு எப்படி வீணாகுமோ, அப்படித்தான் பெரிய எஸ்.எம்.பி.எஸ். சிறு சுமையில் மின்சாரத்தை வீணாக்குகிறது. சிறு கணினிகள் லேப்டாப்பைப் போல வெளி அடாப்டரில் ஓடுவதால் அந்த இழப்பு குறைவு.

எதை வாங்குவது?

முதலில், வாங்காமல் முடியுமா என்று பாருங்கள். படங்களைச் சேமிப்பது மட்டும்தான் வேலை, வீட்டார் எல்லோரும் இரவு 9 மணிக்கு வீட்டில் இருப்பார்கள் என்றால், பரண்மேல் இருக்கும் பழைய பெட்டியே போதும். பெரும்பாலான கணினிகளின் பயாஸில், தினமும் குறித்த நேரத்தில் தானே விழித்துக்கொள்ளும் வசதி உண்டு. இரவு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடினால், அந்த 50 வாட் பெட்டிக்கும் இரண்டு மாதத்துக்கு 6 யூனிட்தான் ஆகும். புதிதாக எதையும் வாங்காமலே ராஸ்ப்பெரி பைக்கு நிகரான கணக்கு வந்துவிடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு, டிவிடி டிரைவ், தேவையற்ற ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். டிஸ்பிளே மதர்போர்டிலிருந்தே வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள்.

எந்நேரமும் வேண்டும் என்றால் எங்கள் சிபாரிசு, கைமாறி வரும் அலுவலகச் சிறு கணினி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்.பி. எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி என்ற பெயர்களில் வருபவை இவைதாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத நல்ல கணினிகளைப் பல அலுவலகங்கள் கழிக்கின்றன. லினக்ஸ் போட்டால் நம் வேலைக்கு அவை இன்னும் பல ஆண்டு உழைக்கும். புதிதாக வாங்க விரும்புவோருக்கு 2023இல் வந்த இன்டெல் என்100 ப்ராசஸர் கொண்ட மினி கணினிகள் உண்டு. சும்மா இருக்கையில் 6 முதல் 10 வாட்டுக்குள் அடங்கும். 8 ஜி.பி. ரேம் தாராளம்.

ராஸ்ப்பெரி பை மிகக் குறைவாக இழுப்பது உண்மைதான். ஆனால் அடாப்டர், பெட்டி, எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்த்து விலையைக் கூட்டிப் பாருங்கள். 12 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 61 யூனிட்தான். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் சுமார் 300 ரூபாய். இந்தச் சேமிப்புக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செலவழிப்பது சிக்கனம் ஆகாது.

பழைய லேப்டாப் ஆகாதா என்று ஒரு சகோதரி கேட்கிறார். ஆகும், மின்சாரமும் குறைவு. ஆனால் வருடக்கணக்கில் சார்ஜிலேயே கிடக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். தீ ஆபத்தும் உண்டு. பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலாக இருந்தால் கழற்றிவிட்டு அடாப்டரில் ஓட்டுங்கள். உப்பிய பேட்டரி உள்ள லேப்டாப்பை வேண்டவே வேண்டாம். அலமாரிக்குள்ளோ மெத்தை மேலோ எந்தக் கணினியையும் வைக்காதீர்கள்.

அமைக்கும் முறை

ஒன்று: சிஸ்டம் இருப்பது எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். ராஸ்ப்பெரி பையில் மெமரி கார்டை மட்டும் நம்பி எந்நேரமும் ஓட்டினால், ஓயாமல் எழுதுவதாலேயே கார்டு தேய்ந்து ஒருநாள் கைவிடும். படங்களுக்கு 1 டி.பி. போதும், ஒரு படம் 4 எம்.பி. என்றால் 2 லட்சத்துக்கும் மேல் கொள்ளும்.

இரண்டு: டெபியன் போன்ற இலவச லினக்ஸைத் திரைப்பகுதி இல்லாமல் நிறுவுங்கள். முதல் நாளுக்கு மட்டும் மானிட்டரும் கீபோர்டும் தேவை. பிறகு ரவுட்டர் பக்கத்தில் வைத்து, நெட்வொர்க் கேபிளால் இணைத்துவிடலாம். பாதுகாப்பு அப்டேட்டுகள் தாமாக வரும்படி வையுங்கள்.

மூன்று: சின்க்திங் போன்ற மென்பொருள் கைப்பேசியிலிருந்து படங்களை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவரும். வாட்ஸ்அப் குரல்பதிவுகள் ஆண்ட்ராய்டு போனில் தனி ஃபோல்டரில் இருக்கின்றன. அதையும் மறவாமல் சேருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இருபக்கமும் ஒத்திசைக்கும்படி விட்டால், போனில் அழித்தது கணினியிலும் அழிந்துவிடும். போனிலிருந்து அனுப்ப மட்டும் என்று அமைத்து, அழிந்த கோப்புகளின் பழைய பிரதியைக் கணினியில் வைத்துக்கொள்ளும் வசதியையும் இயக்குங்கள். பிறகு ஒரு படத்தை அழித்துப் பார்த்து, கணினியில் அது கிடைக்கிறதா என்று சோதியுங்கள்.

நான்கு: பை-ஹோல் என்ற சிறு மென்பொருளையும் இதே கணினியில் வைக்கலாம். வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் விளம்பரத் தளங்களின் முகவரிகளைத் தடுத்துவிடும். பிள்ளைகள் பார்க்கும் பல பக்கங்களில் அசிங்கமான விளம்பரங்கள் குறையும். யூடியூப் வீடியோவுக்குள் வரும் விளம்பரத்தை மட்டும் இது தடுக்காது. கணினி அணைந்தால் வீட்டு இணையமும் நின்றதுபோல் ஆகும் என்பதால், இதை வைப்பவர்கள் எந்நேரமும் ஓட விட வேண்டும்.

ஐந்து: கரண்ட் போய்வந்தால் தானே எழுந்துகொள்ளும்படி பயாஸில் அமையுங்கள். கரண்ட் சட்டென்று போவது கோப்புகளைக் கெடுக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் சுவிட்சை யூ.பி.எஸ். நிலையில் வைத்து, அந்த இணைப்பிலேயே கணினியையும் ரவுட்டரையும் செருகுங்கள்.

ஆறு: வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று அவசரப்பட்டு ரவுட்டரில் வழி திறந்துவிடாதீர்கள். அந்த வழியாக யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம். முதல் சில மாதம் வீட்டுக்குள் மட்டும் ஓடட்டும். சிசிடிவி பதிவையும் இதில் சேர்க்க வேண்டாம். ஓயாமல் எழுதும் அந்த வேலை இலகுவானது அல்ல.

ஒரு பெட்டி போதாது

இனிச் சொல்வது மின்சாரக் கணக்கைவிட முக்கியமானது. போனில் இருந்ததைக் கணினிக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டால், பழையபடி ஒரே ஒரு பிரதிதான். இடியும் மழைநீரும் திருடனும் அந்தப் பெட்டியையும் தேடி வரலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு வீட்டில். கணினித் துறையினர் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் விதி இது.

நம் வீடுகளில் இதைச் செய்வது எளிது. யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். மாதம் ஒருமுறை செருகி, படங்களை நகலெடுத்து, கழற்றி, அடுத்த தெருவில் இருக்கும் லாத்தா வீட்டிலோ மச்சான் வீட்டிலோ வைத்துவிடுங்கள். அவர்களுடையது உங்கள் வீட்டில் இருக்கட்டும். கழற்றிவைத்த டிஸ்க் ஒரு வாட்கூட இழுக்காது. வைரஸ் வந்தாலும் அதைத் தொடாது. அடகுநகைபோல் அதையும் பொறுப்பாகப் பாதுகாக்க வேண்டும் என்பதால், கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்யுங்கள். அந்தக் கடவுச்சொல் வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அமைத்தவர் வெளிநாடு போய்விட்டால், உம்மாவால் அதைத் திறக்க முடிய வேண்டும்.

கணினி எதுவும் வாங்காவிட்டாலும், இந்த ஒரு டிஸ்க்கை மட்டுமாவது இந்த மாதம் வாங்கிவிடுங்கள். எந்நேரமும் ஓடும் கணினி சௌகரியத்துக்கு. வேறு வீட்டில் இருக்கும் பிரதிதான் பாதுகாப்பு.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாட் மீட்டர் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கும். கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, உங்கள் வீட்டில் எந்நேரமும் செருகியிருக்கும் ஒவ்வொன்றையும் ஒருநாள் அளந்து எழுதுங்கள்: ரவுட்டர், டிவி பெட்டி, பழைய கணினி. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். தனியாக இருக்கும் முதியவர்கள் தங்கள் போனை மட்டும் கொண்டுவந்தால் போதும். படங்களை நகலெடுக்கும் வேலையை நம் பிள்ளைகள் செய்து தருவார்கள்.